பூர்வகுடி அறிவு ஆசிரியர் பயிற்சிக்குள் எப்படி வர வேண்டும்: பாடமாகவா, பயிற்றுநராகவா?

நெடுவழி எழுதியது:

பூர்வகுடி மக்களின் அறிவை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்கலாமா என்ற கேள்வி ஆவண அளவில் எப்போதோ தீர்ந்துவிட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1989ஆம் ஆண்டு 169ஆம் உடன்படிக்கை, இம்மக்களுக்கான கல்வித் திட்டங்களை அவர்களோடு சேர்ந்தே வகுக்க வேண்டும் என்றும், அவர்களுடைய வரலாறும் அறிவும் தொழில்நுட்பமும் விழுமியங்களும் அவற்றில் இடம்பெற வேண்டும் என்றும் தன் 27ஆம் பிரிவில் சொல்கிறது. 2007இல் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 14ஆம் பிரிவு, தங்கள் மொழியில், தங்கள் பண்பாட்டுக்கு உரிய கற்பித்தல் முறையில் கல்வி நிறுவனங்களை அமைத்துத் தாங்களே நடத்தும் உரிமையை அவர்களுக்கு வழங்குகிறது. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வெளியிட்ட 94 செயல் அழைப்புகளில் 62ஆவது, பூர்வகுடி அறிவையும் கற்பிக்கும் முறைகளையும் வகுப்பறைக்குக் கொண்டுவர ஆசிரியர்களைப் பயிற்றுவிக்குமாறும், அதற்கான நிதியைக் கல்லூரிகளுக்குத் தருமாறும் கேட்கிறது. ஆகவே இந்த இழையில் "எப்படி" என்பதை மட்டும் பேசுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்பாட்டிடைக் கல்விக்கான, அதாவது வெவ்வேறு பண்பாடுகளின் அறிவைச் சமமாக மதித்துக் கற்பிக்கும் கல்விக்கான, ஆசிரியர் பயிற்சி என்ற பெயரில் இயங்கும் பல திட்டங்களில் பூர்வகுடி அறிவு ஒரு தாளாகவோ ஓர் அலகாகவோ நுழைகிறது. விரிவுரையாளர் குறிப்புக் கொடுக்கிறார், மாணவ ஆசிரியர்கள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா வருகிறது. யார் கற்பிக்கிறார், எங்கே கற்பிக்கிறார், கற்றதை யார் மதிப்பிடுகிறார் என்ற மூன்றும் பழையபடியே இருக்கும்போது, அந்த அறிவு தன்னை உருவாக்கிய மக்களிடமிருந்து பிரிந்து வெறும் தகவலாகச் சுருங்கிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். வடமேற்கு அமேசானில் வாழும் உய்த்தோத்தோ, போரா முதலிய மக்களுக்குக் கசப்பு மரவள்ளி அடிப்படை உணவு. அந்தக் கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது; கிழங்கின் திசு சிதையும்போது, அதிலேயே தனியாக இருக்கும் ஒரு நொதியோடு அது கலந்து, ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. பெண்கள் கிழங்கைத் துருவுகிறார்கள். துருவுவதுதான் நொதியையும் லினமரினையும் ஒன்றுசேர்க்கிறது. துருவலை, பிரேசில் பக்கம் திப்பிதி என்று அழைக்கப்படும் நீண்ட பின்னல் குழாயில் இட்டு, அதை இழுத்து நீட்டிப் பிழிகிறார்கள். சாறு வெளியேறியபின் மாவை அகன்ற ஓட்டில் பரப்பிச் சுடும்போது எஞ்சிய நஞ்சு ஆவியாகிறது. பிழிந்த சாற்றையும் வீணாக்காமல், நெடுநேரம் கொதிக்கவைத்துக் குழம்பாக்கிக்கொள்கிறார்கள்.

இந்தச் செயலுக்குள் வேதியியல் இருக்கிறது, பின்னலின் வடிவியல் இருக்கிறது, கிழங்கு வகைகளை அடையாளம் காணும் தாவரவியல் இருக்கிறது. அதோடு, எந்த வகையை யாரிடமிருந்து பெற்று நட்டார்கள் என்ற உறவின் வரலாறும், தோட்டத்தைக் காப்பதாக நம்பப்படும் ஆவிகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நெறியும் இருக்கின்றன. கல்லூரிக் குறிப்பில் இவற்றுள் முதல் மூன்றுக்கு மட்டும் இடம் கிடைக்கும். துருவல் எப்போது போதுமான அளவு பிழியப்பட்டது என்பதைக் கையால் அறியும் திறமை எந்தக் குறிப்பிலும் ஏறாது; அதை அறிந்த பெண்ணோ கல்லூரி வாசலுக்குள் அழைக்கப்படுவதே இல்லை.

இதற்கு மாற்றாக ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பெரு நாட்டின் இக்கித்தோஸ் நகரில், அமேசான் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்பான ஐதெசெப்பும் அங்கிருந்த அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து 1988இல் ஃபோர்மபியாப் என்ற இருமொழி ஆசிரியர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. அங்கே மாணவ ஆசிரியர்கள் ஒரு பகுதிக் காலம் மையத்தில் பயில்கிறார்கள், மறு பகுதிக் காலம் தங்கள் ஊர்களுக்குத் திரும்பி ஆய்வும் கற்பித்தல் பயிற்சியும் மேற்கொள்கிறார்கள். பூர்வகுடி அறிஞர்கள் அங்கே பயிற்றுநர்களாகவே இருக்கிறார்கள். நான் மேலே கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இந்த அமைப்பு விடை தேடியிருக்கிறது என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆய்வுக்கூடம் எழுதியது:

நெடுவழி அவர்களின் மரவள்ளி எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆயினும் அது வசதியான எடுத்துக்காட்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். அங்கே வழக்கமும் வேதியியலும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி அமையாது. அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் எனக்குள்ள கவலை இது: மாணவ ஆசிரியர் நாளை வகுப்பில் நிற்கும்போது, ஒரு குழந்தை "பாட்டி சொன்னதும் புத்தகம் சொல்வதும் வேறாக இருக்கிறது, எது சரி?" என்று கேட்டால் அவர் என்ன சொல்ல வேண்டும்? "இரண்டும் சரி" என்பது பணிவான விடையாகத் தோன்றலாம், ஆனால் அது குழந்தையைக் கைவிடும் விடை. "புத்தகம்தான் சரி" என்றால் பண்பாட்டிடைக் கல்வி என்ற பேச்சே வேண்டியதில்லை. இந்த இடத்தில் ஆசிரியருக்குப் பயிற்சி என்ன தரப்போகிறது என்பதைச் சொல்லாமல், யார் கற்பிப்பது என்பதை மட்டும் பேசினால் போதாது.

மலைச்சாரல் எழுதியது:

ஆய்வுக்கூடம் கேட்டது உரிய கேள்வி. அதற்கு ஆந்திஸ் மலைப்பகுதியிலிருந்து ஒரு விடை இருக்கிறது.

பெருவிலும் பொலிவியாவிலும் உயர்மலைப் பகுதிகளில் வாழும் உழவர்கள், ஜூன் 24ஐ ஒட்டிய நாட்களில், விடியலுக்கு முன் கார்த்திகை மீன்கூட்டத்தைப் பார்க்கிறார்கள். விண்மீன்கள் பெரிதாகவும் பளிச்சென்றும் தெரிந்தால் வரும் பருவத்தில் மழை நன்றாக இருக்கும் என்றும், மங்கித் தெரிந்தால் மழை தாமதமாகும், குறையும் என்றும் கொள்கிறார்கள். மங்கித் தெரிந்த ஆண்டில் உருளைக்கிழங்கு நடுவதைச் சில வாரங்கள் தள்ளிப்போடுகிறார்கள். உருளைக்கிழங்கின் வேர் ஆழமாக இறங்காது. தொடக்கத்தில் நீர் இல்லாவிட்டால் விளைச்சல் அடிபடும். பலகாலம் இதை வெளியார் மூடநம்பிக்கை என்றே எழுதிவந்தார்கள். 2000ஆம் ஆண்டில் மானிடவியலாளர் ஒருவரும் காலநிலை ஆய்வாளர்கள் இருவரும் சேர்ந்து நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில், ஜூன் மாதத்தில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய உயர்மேகம் கூடுகிறது, அது விண்மீன்களை மங்கச் செய்கிறது, அதே எல் நினோ அப்பகுதியில் பின்னர் மழையைக் குறைக்கிறது என்று காட்டியது.

இந்த நிகழ்வைப் பலரும் "பாருங்கள், அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். மாணவ ஆசிரியர் அதோடு நின்றுவிட்டால் பாதி பாடம்தான் கற்றிருக்கிறார். 2000க்கு முன்பும் அந்த உழவர்கள் சரியாகவே நட்டார்கள். ஆய்வுக் கட்டுரை வராமல் போயிருந்தாலும் அவர்களுடைய கவனிப்பு கவனிப்பாகவே இருந்திருக்கும். ஆசிரியருக்கு வேண்டிய பழக்கம், ஒரு கூற்றைக் கேட்டவுடன் சரி தவறு என்று முத்திரை குத்தாமல், இதை யார், எப்போது, எதைப் பார்த்து, எந்த முடிவெடுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரிப்பது. பாட்டி சொன்னதும் புத்தகம் சொல்வதும் ஒரே கேள்விக்கான இரு விடைகளா, அல்லது இரு வேறு கேள்விகளுக்கான விடைகளா என்பதை அப்போதுதான் பிரித்தறிய முடியும். என் பார்வையில், முரண் என்று நாம் நினைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒரே கேள்விக்கு உண்மையாகவே இரு விடைகள் நிற்கும்போது, குழந்தைகளோடு சேர்ந்து கவனித்துப் பதிவுசெய்து பார்க்கும் துணிவு ஆசிரியருக்கு இருக்க வேண்டும். அங்கே பாட்டி சொன்னது பிழை என்று தெரியவந்தால் அதை மரியாதையோடு சொல்லும் மொழியும் அவருக்கு வேண்டும்.

கனடாவின் பூர்வகுடிகளுள் ஒன்றான மிக்மா மக்களின் மூத்தவரான ஆல்பர்ட் மார்ஷல் 2004இல் முன்வைத்த "இரு கண்ணால் காணுதல்" என்ற கருத்தும் இதையே கேட்கிறது: பூர்வகுடி அறிவின் வலிமையை ஒரு கண்ணாலும் மேற்கத்திய அறிவின் வலிமையை மறு கண்ணாலும் கண்டு, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தக் கற்பது. அதைச் சுவரில் ஒட்டும் வாசகமாக்கிவிடாமல், ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் செய்துகாட்டப் பழக்குவதுதான் பயிற்சிக் கல்லூரியின் வேலை.

கரும்பலகை எழுதியது:

இதுவரை பேசியவர்கள் பூர்வகுடி ஆசிரியர்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். நடைமுறையில் பூர்வகுடிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துபவர்களில் பலர் பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அந்த ஊரின் மொழியும் தெரியாமல் பணிமாற்றத்தில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மரவள்ளி பிழியக் கற்றுக்கொடுத்து என்ன பயன்? வேறு ஒரு பயிற்சி அல்லவா அவர்களுக்குத் தேவை?

மலைச்சாரல் எழுதியது:

தேவைதான். அதற்கு நியூசிலாந்தின் தே கோட்டாஹிட்டாங்கா திட்டத்தைப் பார்க்கலாம். வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் ரசல் பிஷப் தலைமையில் 2001இல் அது தொடங்கியபோது, ஆய்வாளர்கள் முதலில் போய்ப் பேசியது 9, 10ஆம் ஆண்டு வகுப்புகளில் படித்த, அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மாணவர்களிடம். உங்கள் கற்றலுக்கு எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று கேட்டார்கள். ஆசிரியருக்கும் தங்களுக்கும் இடையிலான உறவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று மாணவர்கள் சொன்னார்கள். அதே கேள்வியை ஆசிரியர்களிடம் கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் மாணவர்களின் வீட்டுச் சூழலையும் குறைபாடுகளையும் காரணமாகச் சொன்னார்கள். பயிற்சியின் முதற்பொருளே அந்த மாணவர்களின் சொற்கள்தான். மாவோரிகளின் மரபான கூடுமிடமான மராயேயில் ஆசிரியர்களை அமரவைத்து, அவற்றைப் படிக்கவும் விவாதிக்கவும் செய்தார்கள்.

இதில் நான் கவனித்த நுட்பம் ஒன்று உண்டு. பெரும்பான்மைச் சமூக ஆசிரியருக்கு மாவோரி அறிவைப் பற்றிய தகவல்களைக் கொடுப்பதோடு அந்தப் பயிற்சி தொடங்கவில்லை. குழந்தையிடம் குறையைத் தேடும் பார்வையிலிருந்து அவரை முதலில் வெளியே கொண்டுவந்தது. அந்தப் பார்வை மாறாத ஒருவர் கையில் பூர்வகுடி அறிவைக் கொடுத்தால், விழா நாளில் உடை உடுத்திப் பாட்டுப் பாடுவதோடு அது நின்றுவிடும். கரும்பலகை கேட்டதற்கு நேரான விடையையும் சொல்லிவிடுகிறேன்: வெளியிலிருந்து வரும் ஆசிரியர் மரவள்ளி பிழியத் தேர்ச்சி பெற வேண்டியதில்லை. ஆனால் தனக்குத் தெரியாத ஒரு வேலையில், அதைத் தேர்ந்து செய்யும் பெண்ணின் முன் மாணவராக ஒரு முறையேனும் உட்கார்ந்து எழ வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவருக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயிடம் கேட்டுக் கற்கும் மனம் எளிதில் வராது.

169ஆம் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவும் இங்கே பொருந்தும். இம்மக்களைப் பற்றிய முன்முடிவுகளை நீக்கும் கல்வி, நாட்டின் எல்லாப் பிரிவினருக்கும், குறிப்பாக அவர்களோடு நேரடித் தொடர்புடையவர்களுக்கு வேண்டும் என்று அது சொல்கிறது. பூர்வகுடிக் குழந்தைகளே இல்லாத பள்ளியின் ஆசிரியருக்கும் இந்தப் பயிற்சி உரியது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தாய்மொழி எழுதியது:

பூர்வகுடி ஆசிரியர் என்றாலே அவருக்குப் பூர்வகுடி அறிவு இருக்கும் என்ற எண்ணமும் தவறானது என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் ஆசிரியர் பயிற்சிக்கு வர வேண்டுமானால் அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருந்திருக்க வேண்டும். தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் காட்டுக்கும் பெரியவர்களோடு போய்க் கற்கும் வயது அதேதான். மொழியை மறந்தவர்களும், தங்கள் மக்களின் அறிவைப் பின்தங்கியது என்று பள்ளியிலேயே கற்றுக்கொண்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். இது அவர்கள் குற்றமன்று. பள்ளி தன் வேலையைச் செய்ததன் விளைவு. எனவே பயிற்சிக் கல்லூரி முதலில் செய்ய வேண்டியது, பறிபோன அந்த ஆண்டுகளை ஓரளவேனும் மீட்டுக்கொடுப்பது. ஃபோர்மபியாப் போன்ற திட்டங்களில் மாணவ ஆசிரியர் ஊருக்குத் திரும்பித் தன் மூத்தோரிடமே ஆய்வு செய்வதன் பொருளை நான் இப்படித்தான் பார்க்கிறேன். பட்டத்துக்கான ஆய்வேடு ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் தன் பாட்டனாரிடம் மறுபடியும் பேசத் தொடங்குகிறார்.

தாய்மொழி மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் பெருவின் வரலாறு ஒரு பாடம். அங்கே யாரினாகோச்சாவில் 1953 முதல் கோடை மொழியியல் நிறுவனம் என்ற கிறித்தவ அமைப்பு அமேசான் மக்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து இருமொழி ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது. பல மொழிகளுக்கு எழுத்தும் தொடக்கநூல்களும் அப்படித்தான் கிடைத்தன. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே தாய்மொழி, ஸ்பானிய மொழிக்கும் சமயப் பரப்புக்கும் போகும் வழியாகவே இருந்தது. மொழி வகுப்பறைக்குள் வந்தது, அம்மொழி பேசும் மக்களின் அறிவு வாசலிலேயே நின்றுவிட்டது.

மொழியும் அறிவும் சேர்ந்து உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அலாஸ்காவின் வடகோடியில் உள்ள காக்தோவிக் ஊரைச் சொல்லலாம். அங்குள்ள பூர்வகுடி மக்களின் இனுப்பியாக் மொழியில் எண்கள் இருபது இருபதாகக் கூடுகின்றன. அதற்குள் ஐந்து ஐந்தாக உட்பிரிவு உண்டு. நாம் எழுதும், பத்தை அடியெண்ணாகக் கொண்ட பத்தடி எண்முறையில் அவற்றை எழுதுவது பொருந்தாமல் போவதை 1994இல் அவ்வூர் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் கவனித்தார்கள். சுழியத்திலிருந்து பத்தொன்பது வரை இருபது புதிய எண்ணுருக்களைத் தாங்களே உருவாக்கினார்கள். சுழியத்தைத் தவிர ஒவ்வோர் உருவிலும் கோடுகளை எண்ணினாலே அதன் மதிப்புத் தெரியும். ஐந்துகளைக் காட்டும் கோடு மேலே கிடையாகவும், ஒன்றுகளைக் காட்டும் கோடுகள் கீழே செங்குத்தாகவும் நிற்கும். இரு எண்களைக் கூட்டும்போது கோடுகளை அப்படியே சேர்த்தால் பல இடங்களில் விடையின் உருவமே வந்துவிடுகிறது. 2022இல் அந்த எண்ணுருக்கள், கணினிகளில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான ஒருங்குறியிலும் இடம்பெற்றன.

இதில் ஆசிரியரின் பங்கு என்ன என்று பாருங்கள். "பத்தடியில்தான் எழுத வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். குழந்தைகளின் கேள்வி கணிதத்துக்குள் இருக்கும் கேள்விதான் என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அடியெண், இடமதிப்பு ஆகியவற்றை அவர் ஆழமாக அறிந்திருக்க வேண்டும். பூர்வகுடி அறிவுக்கு இடம்தரும் ஆசிரியருக்குப் பாட அறிவு குறைவாக இருந்தால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். எனக்கு நேர்மாறாகவே தோன்றுகிறது. தன் பாடத்தின் வேர்வரை போனவரால்தான் அதே பொருளின் வேறொரு வடிவத்தை அடையாளம் காண முடியும்.

ஆய்வுக்கூடம் எழுதியது:

மலைச்சாரலின் விளக்கத்தை ஏற்கிறேன். தாய்மொழி கடைசியாகச் சொன்னதை அடிக்கோடிட விரும்புகிறேன். இன்னொரு சிக்கலையும் முன்வைக்கிறேன். மாணவ ஆசிரியர்கள் ஊருக்குப் போய்ப் பதிவுசெய்கிறார்கள், ஆய்வேடு எழுதுகிறார்கள், அது நூலகத்தில் சேர்கிறது, அச்சாகிறது. மருந்துச் செடிகளைப் பற்றிய அறிவு இப்படி வெளியேறினால் அதன் உரிமை யாருக்கு? 2007ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் 31ஆம் பிரிவு, தங்கள் மரபறிவைப் பேணவும் கட்டுப்படுத்தவும் காக்கவும் அம்மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ஆசிரியர் பயிற்சியே அந்த உரிமையை மீறும் வாயிலாகிவிடக் கூடாது.

நெடுவழி எழுதியது:

மிக முக்கியமான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். உரிமைச் சிக்கலோடு இன்னொன்றும் இருக்கிறது: எல்லா அறிவும் எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் கற்பிக்கத் தக்கது என்பது பள்ளியின் நம்பிக்கை. பல பூர்வகுடி மக்களின் நெறி அப்படியன்று. சில அறிவு பெண்களுக்கு உரியது, சில குறிப்பிட்ட குடிக்கு உரியது, சில பருவத்துக்குக் கட்டுப்பட்டது.

அமெரிக்காவின் பூர்வகுடிகளுள் ஒன்றான நவஹோ மக்களின் கயிறு விளையாட்டு இதற்கு நல்ல சான்று. விரல்களில் நூலைச் சுற்றி விண்மீன் கூட்டங்கள் முதலிய உருவங்களை அமைப்பது அது. சமச்சீரையும் படிநிலைகளையும் கற்பிக்க மிகவும் ஏற்றது என்பதால் கணித ஆசிரியர்கள் அதை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நவஹோ மரபில் அதைக் குளிர்காலத்தில் மட்டுமே, சிலந்திகள் உறங்கும் பருவத்தில் மட்டுமே விளையாடலாம். பாடத்திட்டத்தில் வடிவியல் அலகு வசந்தத்தில் வருகிறது என்பதற்காக ஓர் ஆசிரியர் அப்போது கயிற்றை எடுத்தால், அவர் நல்லெண்ணத்தோடு செய்தாலும் குழந்தைகளின் வீட்டில் அது நெறிமீறல். அந்தப் பருவ விதியைத் தவிர்த்துவிட்டு உருவங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், சிலந்தியிடமிருந்து வந்த கொடையாக அவர்கள் கருதும் ஒன்றை வெறும் பயிற்சித்தாளாக்கிவிடுகிறோம்.

எனவே "எதைக் கற்பிக்கலாம்" என்று கேட்பதற்கு முன் "எதைக் கற்பிக்க எனக்கு அனுமதி உண்டு, எப்போது, யார் முன்னிலையில்" என்று கேட்கும் பழக்கம் பயிற்சியிலேயே ஊன்ற வேண்டும். மாணவ ஆசிரியரின் பதிவேட்டில் இதற்கெனத் தனிப் பகுதி இருக்கலாம். கேட்டறிந்தவற்றுள் எதை எழுதக் கூடாது என்று மூத்தோர் சொன்னார்களோ அதை எழுதாமல் விடுவதும், அப்படி விட்டதற்காக மதிப்பெண் குறையாமல் இருப்பதும் அந்தப் பகுதியின் நோக்கமாக இருக்கட்டும். பதிவின் முதல் படி ஊருக்கே உரியதாகவும், அச்சேற்றம் ஊரின் ஒப்புதலுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். கல்லூரி நூலகத்தில் வைக்கலாமா என்பதையும் ஊர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கரும்பலகை எழுதியது:

இவை எல்லாம் நல்ல கொள்கைகள். ஆனால் பட்டயத்தில் கையெழுத்திடுவது கல்லூரி முதல்வர். அங்கீகாரம் தருவது அரசு. பட்டம் இல்லாத ஒரு மூத்தவரைப் பயிற்றுநராக நியமிக்க எந்த விதியும் இடம் தராது. "விருந்தினர்" என்று அழைத்துப் பொன்னாடை போர்த்தி, பயணப்படி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மதிப்பீட்டில் அவருக்குப் பங்கு கொடுப்பது நடக்கக்கூடியதா?

மலைச்சாரல் எழுதியது:

நடந்திருக்கிறது. பொலிவியாவில், தித்திகாகா ஏரிப் பக்கத்தில், 1931இல் அவெலினோ சின்யானியும் எலிசார்தோ பெரெசும் தொடங்கிய வாரிசாத்தா பள்ளியை நினைத்துப் பாருங்கள். அப்பகுதியின் பூர்வகுடிகளான அய்மாரா மக்களின் ஊர் மூத்தோர் அடங்கிய அமாவுத்தா பேரவை அந்தப் பள்ளியின் நிர்வாகத்தை வழிநடத்தியது. வகுப்பறை, பட்டறை, விளைநிலம் மூன்றும் ஒரே கல்வியின் பகுதிகளாக இருந்தன, ஆசிரியர் பயிற்சியும் அங்கே நடந்தது. பெருநிலக்கிழார்களின் எதிர்ப்பும் அரசின் எதிர்ப்பும் சேர்ந்து 1940இல் அந்த முயற்சியை முடித்துவைத்தன. ஆனாலும் 2010ஆம் ஆண்டு பொலிவியா இயற்றிய 070ஆம் கல்விச் சட்டம் அவ்விருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மூத்தோருக்கு அதிகாரம் கொடுப்பது இயலாத கற்பனை என்று சொல்ல முடியாது. கொடுத்த அதிகாரம் பிடுங்கப்பட்டது என்பதே வரலாறு.

அலாஸ்காவில் வேறு வழியைக் கையாண்டார்கள். பூர்வகுடிக் கல்வியாளர்கள் கூடி 1998இல் பண்பாட்டுக்கு ஏற்ற பள்ளிகளுக்கான தரநிலைகளையும், அடுத்த ஆண்டே அத்தகைய ஆசிரியர்களை உருவாக்குவதற்கான வழிகாட்டு நெறிகளையும் தாங்களே வகுத்தார்கள். அரசின் தரநிலைகளுக்கு எதிராக அவற்றை நிறுத்தாமல், அவற்றோடு இணையாக வைத்தார்கள். அதனால் கல்லூரி முதல்வர் "எந்த அளவுகோலால் அளப்பது?" என்று கேட்கும்போது, மூத்தோர் பக்கத்திலும் எழுத்தில் ஓர் அளவுகோல் இருந்தது.

அலாஸ்காப் பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் ஜெரி லிப்கா அங்குள்ள யூப்பிக் பூர்வகுடி மூத்தோரோடு உருவாக்கிய கணிதப் பாடங்களையும் சொல்ல வேண்டும். மீன் உலர்த்தும் பரண் ஒன்றை எப்படி அமைக்கிறார்கள் என்பதிலிருந்து செவ்வகத்தின் பண்புகள், சுற்றளவு, பரப்பளவு ஆகியவற்றுக்கான பாடம் விரிகிறது. மூத்தோர், யூப்பிக் ஆசிரியர்கள், கணிதக் கல்வியாளர்கள் மூவரும் ஆண்டுக்கணக்கில் கூடி உட்கார்ந்துதான் அந்தப் பாடங்கள் உருவாயின. மூத்தோர் செய்துகாட்டுவதைப் பார்த்து, இதில் கணிதம் எங்கே இருக்கிறது என்று மற்ற இருவரும் கேட்க, அவர்கள் சொன்னதை மூத்தோர் திருத்த, வேலை மெதுவாக நடந்தது. இந்த மெதுவான வேகத்துக்குக் கல்லூரிக் கால அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும். அவசரப்பட்டால் பரண் வெறும் படமாகப் பாடநூலில் நின்றுவிடும்.

தாய்மொழி எழுதியது:

கரும்பலகையின் கேள்விக்கு என் பங்குக்கு ஒரு நடைமுறை யோசனை. கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் மாணவ ஆசிரியர் ஊரில் நடக்கும் ஒரு வேலையில், பார்வையாளராக அல்லாமல் கைகொடுப்பவராகவே தொடக்கம் முதல் முடிவு வரை கலந்துகொள்ளட்டும். அமேசான் பகுதியில் மானிடவியலாளர் ஹோர்கே காஷே இந்த அணுகுமுறையைத்தான் வலியுறுத்தினார்: பூர்வகுடி அறிவு பெரும்பாலும் செயலுக்குள் புதைந்திருக்கிறது, செயலில் பங்கெடுத்த பின்னரே அதை வெளிப்படையாகப் பேச முடியும், அதன் பின்னரே பள்ளிப் பாடத்தோடு இணைக்க முடியும். வேலை முடிந்தபின் அவர் எழுதும் பாடக்குறிப்பை, அந்த வேலையைக் கற்றுத்தந்தவருக்கு அவருடைய மொழியிலேயே வாசித்துக்காட்ட வேண்டும். "இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாய்", "இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதே", "இதை விட்டுவிட்டாய்" என்று அவர் சொல்வதே மதிப்பீடு. அவர் ஒப்பிய பிறகே அந்தப் பாடக்குறிப்பு வகுப்பறைக்குப் போக வேண்டும். கல்லூரி மேற்பார்வையாளரின் மதிப்பெண் அதற்குப் பிறகு. மூத்தவர் எழுத வேண்டியதில்லை, பட்டம் காட்ட வேண்டியதில்லை. அவருடைய ஒப்புதல் இல்லாமல் தேர்ச்சி இல்லை என்ற ஒரு விதியைப் பயிற்சிக் கையேட்டில் சேர்த்தால் போதும். அதற்கான ஊதியம் விருந்தோம்பல் கணக்கில் வராமல், விரிவுரையாளர் ஊதியம் வரும் அதே தலைப்பில் வர வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். "மூத்தோர்" என்றதும் கல்லூரிகள் ஊர்த்தலைவரைத்தான் அழைக்கின்றன. விதை, உணவு, பின்னல், குழந்தை வளர்ப்பு பற்றிய அறிவின் பெரும்பகுதி யாரிடம் இருக்கிறது என்பதை இந்த இழையின் முதல் எடுத்துக்காட்டே காட்டுகிறது. ஊர்த்தலைவர் அவர்களுக்குப் பதிலாகப் பேசிவிட முடியாது.

நெடுவழி எழுதியது:

தாய்மொழி சொன்ன விதியை அப்படியே ஏற்கிறேன். கால அட்டவணை பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆந்திஸ் உயர்மலைகளில் உருளைக்கிழங்கைச் சுன்யோ என்ற உலர்கிழங்காக மாற்றுவது ஜூன், ஜூலை மாதங்களில்தான். இரவில் உறைபனியும் பகலில் கடும் வெயிலும் சேர்ந்து கிடைப்பது அப்போது மட்டுமே. கிழங்கைப் பரப்பி இரவில் உறையவிட்டு, பகலில் இளகியதும் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, மறுபடி உறையவிட்டு உலர்த்துவார்கள். பயிற்சிக் கல்லூரி அந்த வாரங்களில் தேர்வு வைத்தால், மாணவ ஆசிரியர் அந்த வேலையை ஒருபோதும் முழுதாகக் காணமாட்டார். படிப்பு முடியும்வரை ஒவ்வோர் ஆண்டும் அதே வாரங்களில் தேர்வறையில்தான் இருப்பார். ஆகவே ஊரின் வேலைக்காலங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகே பருவத் தேர்வுகளின் தேதியை முடிவுசெய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. எந்தக் கல்லூரியும் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.